ஆனை கும்பிட்ட கம்ப்யூட்டர்

— நம்பலேன்னா போங்க ராயரே. நேத்து தசரா ஒத்திகைக்கு வந்த ஆனை, என் புது லேப்டாப்பைப் பார்த்து நடுரோட்டுல நின்னு தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டுச்சு. பின்னால வந்த அத்தனை ஆனையும் வரிசையா கும்பிட்டுச்சு. மைசூர் அரமனைக்கே இந்த மரியாதை கிடைச்சதில்ல, சாமுண்டி மேல சத்தியம்!

— அப்படியா கௌடரே, அப்படியா. பாஸ்வேர்டும் அதுவே போட்டுக் குடுத்துச்சோ?

— வயிறு எரியுது உங்களுக்கு. புகை இங்க வரைக்கும் வருது.

— எனக்கென்ன எரிச்சல்? திரை பின்னால மடங்கணும், விரலால தொட்டு எழுதணும், அந்த மாதிரி ஒண்ணுதான் நானும் வாங்கப்போறேன்.

— என்னோடது மடங்குது, எழுதுது. அதேதானே?

— அது போன வருஷத்து மாடல். அடுத்தது வரட்டும்னு இருக்கேன்.

— மூணு வருஷமா இருக்கீங்க! யுகாதிக்கு விலை இறங்கும்னீங்க, தீபாவளிக்குப் புதுசு வரும்னீங்க. உங்க பழைய பெட்டி உயிர் வந்து எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் நஞ்சன்கூடு போய் சாமி கும்பிட்டு, வாழைப்பழத்தோட திரும்பிடறேன். வீட்டம்மா என்ன சொல்றாங்க?

— பத்மாவதியா? நாளைக்கு ஆயுத பூஜையாம். புது மெஷின் இன்னிக்கே வந்து பூஜையில உக்காரணுமாம். இல்லேன்னா அடுத்த வருஷ பூஜைக்குத்தான் வாசப்படி ஏறணுமாம்.

— கடையில ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. ஏறுங்க என் ஸ்கூட்டர்ல.

— இவ்வளவு தள்றீங்களே, கடைக்காரன் கமிஷன் தர்றானோ?

— ஒத்தை ஆளா பீத்திக்கிறதுல என்ன சுகம் ராயரே? உங்ககிட்டயும் ஒண்ணு இருந்தாத்தானே என்னோடதுதான் வேகம்னு காட்ட முடியும்!

— முதல்ல ஆனைப் பொய்க்கு பதில் சொல்லுங்க. லேப்டாப் மேல வெல்லம் தடவி வச்சிருப்பீங்க.

— வெல்லமுமில்ல, பழமுமில்ல. வாங்கின கையோட என் வீட்டு கேட் ஓரமா மேஜை போட்டு, குங்குமம் வச்சு, சாமந்தி போட்டுப் பூஜை பண்ணேன். அப்புறம் போன வருஷ ஊர்வலத்தைத் திரையில ஓட விட்டு சத்தத்தை முழுசா ஏத்தினேன். அரமனை பேண்டு முழங்குச்சு பாருங்க, சாமுண்டி மலையே நாலு அடி நகர்ந்துச்சு! அந்த பேண்டு கேட்டா தும்பிக்கை தூக்கணும்னுதான் ஆனைக்குப் பழக்கி வச்சிருக்காங்களே. திரும்புச்சு, தூக்குச்சு. அத்தனையும்!

— அத்தனையும் எங்க தூக்குச்சு? முன்னால வந்த ஒண்ணு மட்டும்தான்...

— ஆங்! அப்ப பார்த்திருக்கீங்க!

— பார்க்கல. பேச்சுக்குச் சொன்னேன்.

— பேச்சுக்கா? எதிர்சாரியில உங்க வாசல்ல ஒரு கட்டுக் கரும்பு சாய்ஞ்சு கிடக்குதே, அதுவும் பேச்சுக்குத்தானா?

— அது... பூஜைக்கு.

— உங்க வீட்டு ஆயுத பூஜைக்கு என்னிக்கு ராயரே கரும்பு வந்துச்சு? ரெண்டு எலுமிச்சம்பழத்தோட முடிச்சிடுவீங்களே!

— ஸ்கூட்டரை எடுங்க கௌடரே. கடை மூடிடப்போறான்.

— கரும்புக்கு பதில் வராம இந்த ஸ்கூட்டர் நகராது.

— என்ன பெரிய பதில்? நீங்க மேஜை போட்டு ஜோடிச்சதைப் பார்த்தேன், பொறுக்கல. ஆனை என் வாசல்ல நிக்கட்டும்னு அவசரமா கட்டுக் கரும்பு வாங்கிட்டு வந்து, நானே கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாய்க்குக் கிட்ட நீட்டினேன். அது மோந்துகூடப் பாக்கல கௌடரே. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உங்க கம்ப்யூட்டரைத்தான் கும்பிட்டுச்சு.