வலிக்காத தோள்

இன்ஸ்பெக்டர் ஐயா, முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் கொதிக்காத ஊசியை நான் யார் உடம்பிலும் ஏற்றியதில்லை. மாமல்லபுரத்தில் வேறு யாராவது இப்படி நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

என் பெயர் மார்கரெட். எட்டு வருஷம் காசநோய் வார்டில் டாக்டருக்கு ஊசித்தட்டு ஏந்தினேன். பிறகு இங்கே தனியாக ஓர் அறை எடுத்தேன். கரையில் நின்று வலைக்கயிறு இழுக்கிறவர்களுக்கு முதலில் கெடுவது தோள்பட்டை. சதைக்குள் புளியங்கொட்டை மாதிரி முடிச்சு விழும். அதில் மருந்து ஏற்றுவேன். எழுபத்து நாலாம் வருஷம் ஒருநாள் மருந்து தீர்ந்துபோனது. வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் வெறும் ஊசியை முடிச்சில் இறக்கினேன். சதை ஒரு துள்ளு துள்ளியது, வலி விட்டது. அன்றோடு மருந்து வாங்குவதையே நிறுத்தினேன். டாக்டர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்ற பெருமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

கயிறு இழுக்கிறவர்களுக்கு ஒரு பிடிவாதம். ஒரு தோளில் மட்டும் குத்திக்கொள்ள மாட்டார்கள். ஒரு பக்கம் இளகினால் இழுப்பு கோணி வரிசையே சாயும் என்பார்கள். வலிக்காத தோளிலும் மேலோட்டமாக ஒரு குத்து குத்தி அனுப்புவேன். சின்னப்பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது போலத்தான்.

போன செவ்வாய்க்கிழமை தாண்டவராயன் வந்தான், கூட மனைவி வச்சலா. அவனுடைய வலது கை மூன்று மாதமாகத் தோளுக்கு மேல் ஏறவில்லை. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் முடிச்சு. குத்தினேன், துள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இருமினான்.

"நர்சம்மா, மாரு அடைக்குது. மூச்சு வுட முடில" என்றான்.

அந்த இருமல் எனக்குப் பழக்கமானது. வார்டில் டாக்டர் வேண்டுமென்றே விலாவுக்குள் காற்று ஏற்றுவார். நோயுள்ள நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும். ஊசி தவறி நுரையீரலில் பட்டால் நோயாளி இப்படித்தான் இருமுவான். ஓட்டை வழியே காற்று கசிந்து அந்தப் பக்கம் தானாகச் சுருங்கும். ஒரு பக்கம் சுருங்கினால் மனிதன் பிழைத்துக்கொள்வான். இரண்டும் சுருங்கக் கூடாது. தட்டு ஏந்துகிறவளுக்கும் அது தெரியும்.

வச்சலா எழுந்துவிட்டாள். "குத்துன எடத்துல இன்னாவோ ஆயிப்போச்சும்மா. செங்கல்பட்டுக்கு இட்டுனு போறேன். பஸ்ஸு வர்ற நேரந்தான்."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுப்பார்கள். காற்று தெரியும். யார் குத்தியது என்பார்கள். அதோடு என் அறைக்குப் பூட்டு. இத்தனை பேர் வலியோடு எங்கே போவார்கள் என்று யோசித்தேன். என்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

"ஒரு பக்கந்தானே குத்திகீறேன் வச்சலா. அதான் கோணிக்கினு கீது. அந்தப் பக்கமும் போட்டா சரியாப்பூடும்" என்றேன்.

அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த நியாயம் அது. அவளே அவனைத் திருப்பி உட்கார வைத்து இடது தோளைக் காட்டினாள்.

வழக்கம்போல மேலோட்டமாகக் குத்தியிருக்கலாம். ஆனால் அப்படிக் குத்தியிருந்தால் அவன் பஸ் ஏறிப் பிழைத்துப் பேசியிருப்பான். வலது பக்கம் எவ்வளவு இறக்கினேனோ அவ்வளவு இடது பக்கமும் இறக்கினேன். மறுபடியும் இருமினான்.

பஸ் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. வச்சலா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவன் உதடு நீலம் பூத்தது. அரை மணியில் அடங்கிவிட்டான். மாரடைப்பு என்றேன். "கடசி வரைக்கும் கூடவே இருந்தியேம்மா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அது பொய்யில்லை. அவன் அண்ணன் புகார் கொடுத்து, நீங்கள் உடலை அறுத்துப் பார்க்கச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளாவது அந்த நம்பிக்கையோடு இருந்திருப்பாள்.

தெரிந்தேதான் கொன்றேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியில் மூச்சுக்குத் தவித்து எழுந்து ஜன்னலின் மேல்கம்பியை எட்டிப் பிடித்தான். வலது கையால், ஐயா. தலைக்கு மேலே, ஒரு முனகல் இல்லாமல் ஏறியது.