மரத்துக்கு அந்தாண்ட சிதம்பரம்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். மூங்கில்துறைப்பட்டில் எங்கள் பஸ்ஸை மறித்து ஒரு புளியமரம் கிடந்தது. முன்சீட்டு அம்மா மகளோடு இறங்கி, கோடாலியோடு நின்றவரிடம் கேட்டார்.

“யாருக்காகங்க இத்த வெட்டினீங்க?”

“நம்ம புள்ளைங்களுக்குத்தாம்மா. டெல்லி, காசி, கல்கத்தா, எந்த யுனிவர்சிட்டியிலயும் எடம் வாங்கித் தருவோம்.”

“இவளுக்குச் சிதம்பரத்துல எடம் கெடச்சாச்சி. நாளைக்குள்ள போய்ச் சேரலன்னா போயிடும்.”

கோடாலிக்காரர் மரத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார்.

“அந்தாண்ட என் சைக்கிள் நிக்குது. திருக்கோவிலூர் ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிக்கினு போங்க. ரயில் புடிச்சிடலாம்.”

“வழியில மணலூர்பேட்டையிலயும் மரம் கெடக்குதாமே?”

“அங்க நிக்கறது என் மச்சான். சீட்டு கெடச்ச பொண்ணுன்னு சொல்லுங்க. சைக்கிளத் தலைமேல தூக்கி அந்தாண்ட வெப்பான்.”