ஏழாம் நம்பர் மூடி

விலைய அப்புறம் சொல்லு. மொதல்ல அந்த மூடியக் கழட்டிக் காட்டு. பிளேடு மேல கவுந்திருக்கே, அந்த பிளாஸ்டிக் மூடிதான். எப்படிக் கழட்டுறதுன்னு எனக்குத் தெரியணும். ஏன் முழிக்கிற? கஸ்டமர் கேட்டா காட்டணும் லா. அதுக்குத்தான கடைக்காரத் தௌக்கே உன்ன சம்பளம் குடுத்து வெச்சிருக்காரு.

ஆமா, மூணாவது தடவையா வரேன். முப்பது தடவையும் வருவேன். மரம் அறுக்கிற டேபிள் சா என்ன தக்காளியா, அமுக்கிப் பார்த்துட்டு பையில போட? என் வீட்டு போர்ச்சுல வெக்கப் போறேன். ரெண்டு பெஞ்சு, ஒரு அலமாரி, சாமி ரூமுக்கு ஒரு கதவு. ரிட்டயர் ஆனவன் வேற என்ன பண்ணுவான்? டிவி பார்த்துகிட்டு அரசாங்கத்தத் திட்டவா? அத நான் டிவி இல்லாமயே பண்ணுவேன்.

பாஸ்னு கூப்பிடு. மத்த கஸ்டமர எல்லாம் பாஸ் பாஸ்னுதான கூப்பிடுற? எனக்கு மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்குது? நான் உன்ன நீன்னுதான் சொல்லுவேன். ஃபேக்டரியில பதினோரு வருசம் நீ எங்கள டேய்னு கூப்பிட்ட. எங்கள வேலை வாங்குற ஆளுன்னு நாங்க உன்ன மண்டோர், மண்டோர்னு கைகட்டி நின்னோம். இன்னைக்கு நீ விக்கிறவன், நான் வாங்குறவன். உலகம் உருண்டைன்னு சும்மாவா சொன்னான்?

மொத தடவை வந்தப்பவே என்னைத் தெரிஞ்சிருச்சு உனக்கு. டிரில் அடுக்கிருக்கிற ரேக்குக்குப் பின்னால போய் நின்னுகிட்ட. நான் பார்த்தேன். அம்புரோஸ் மண்டோர், அறுபத்தொம்பது வயசுல, கடை பேர் போட்ட சட்டையோட, ரேக்குக்குப் பின்னால. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

இது என்ன, சின்னதா இருக்கு? கையில தூக்கிட்டுப் போறதா? வேணாம். லேசான மெஷின் ஆடும். மெராந்திப் பலகையத் தள்ளுனா மெஷினும் சேர்ந்து நகரும். எனக்கு நீ பாடம் நடத்தாத. பதினெட்டு வருசம் ரப்பர் மரம் அறுத்தவன் நான். நாற்காலிக் காலு, எத்தன லட்சம்னு எனக்கே தெரியாது. அத்தனையும் கப்பல்ல போச்சு. எவனெவனோ உக்கார்ந்தான். நாங்க நின்னுகிட்டே இருந்தோம். இத அப்பவே யூனியன் நோட்டீஸ்ல எழுதினேன். உக்காருறவன் ஒருத்தன், நிக்கிறவன் ஒருத்தன்னு. நீ அதக் கிழிச்சு நோட்டீஸ் போர்டுலேர்ந்து எறிஞ்ச. நான் மறுபடி ஒட்டினேன். பசை என்கிட்ட நெறையவே இருந்துச்சு.

எப்படித் தெரியும்னா? நாகையா சாவுல நம்ம ஃபேக்டரி லோகன் சொன்னான். மண்டோர் இப்ப கிள்ளான்ல ஒரு மெஷின் கடையில நிக்கிறான்டான்னு. ஆமா, நாகையாதான். போன மாசம். கிட்னி. உனக்கு யாரு சொல்லப் போறா?

வீரம்மா மாருல அடிச்சுகிட்டு அழுதுச்சு. புருசனுக்காக அழுதது பாதி, உன்னச் சபிச்சது பாதி. எம்புருசன் விரல எடுத்தவன் கை புழுத்துப் போகணும், அவன் சோத்த அவனே அள்ளித் திங்க முடியாமப் போகணும்னு. நான் பக்கத்துலதான் உக்கார்ந்திருந்தேன். அது குடுத்த கோப்பியத்தான் குடிச்சுகிட்டு இருந்தேன்.

ஏன், கழட்டலன்னு இன்னும் சொல்றியா? சொல்லு, சொல்லு. இருபத்தேழு வருசமா அதே பாட்டு. ஏழாம் நம்பர் மெஷின். மூடி இல்ல. நாகையா காலையில வந்து சுவிட்ச அமுக்கினான், மூணாவது கட்டை துள்ளுச்சு, நாலு விரலு போச்சு. மூடி இருந்திருந்தா கை உள்ள போயிருக்குமா? மூடியக் கழட்டுனது யாரு? கண்டெய்னர் வருது, வேகமா அறுங்கடான்னு கத்துனது யாரு? நீதான். விசாரணையில நான் எந்திரிச்சு சொன்னேனே. யூனியன் செக்ரட்டரி குகன் சொல்றேன், மூடியக் கழட்டச் சொன்னது மண்டோர் அம்புரோஸ்னு. நீ மாதா மேல சத்தியம் பண்ண. எவன் கேட்டான்?

கத்துனேன், ஆனா கழட்டலங்கிறியா. சரி லா. வேலையப் பாரு.

அந்தப் பெருசக் காட்டு. மேசை வார்ப்பிரும்பா? தட்டு, கேப்போம். ம். இது பரவால்ல. பக்கத்துல இருக்கிற இந்தச் சட்டம் ஒழுங்கா நிக்குதா? மரம் இத ஒட்டித்தான போகணும். முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவு இருந்தா மரம் நடுவுல இறுகிகிட்டு மூஞ்சிக்குத் திருப்பி அடிக்கும். அளந்து காட்டு. கண்ணாடியப் போட்டுக்க, வயசாகிருச்சுல்ல. எவ்ளோ? ரெண்டு பக்கமும் ஒண்ணுதானா? தப்பிச்ச.

இது என்னது, மஞ்சளா ஒரு மெஷின்? ஓ, தோல் பட்டாலே பிளேடு நின்னுருமா? கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ளயா. விலை? அடேங்கப்பா. பார்த்தியா, விரலக் காப்பாத்துற மெஷின் விரல் போனவனால வாங்க முடியாத விலையில இருக்கு. இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். எல்லாத்துக்கும் வழி இருக்கும், உழைக்கிறவன் கைக்கு எட்டாத உசரத்துல இருக்கும். நான் மீட்டிங்ல பேசினா கைதட்டுவானுங்க. நீ ஆபீஸ் ஜன்னல் வழியாப் பார்த்துகிட்டு நிப்ப.

நாகையா? வேலை போகல. உனக்கு அதுகூடத் தெரியாதா? அவனத் தூக்கத்தான் பார்த்தானுங்க. மூடி இல்லாம ஓட்டினான், ரூல மீறினான், வெளிய போன்னு. மண்டோர் சொல்லித்தான் ஓட்டினான்னு நான் சொன்னதுக்கப்புறம் அவன ஒண்ணும் பண்ண முடியல. யாரையாவது அனுப்பணும், உன்ன அனுப்பினானுங்க. நாகையா கேட்டுல காவலுக்கு உக்கார்ந்தான். லோரி வந்தா ஒத்தக் கையால தடுப்புக் கட்டையத் தூக்கி விடுவான். அந்தச் சம்பளத்துல மக வாணிய நர்ஸ் ஆக்கினான். சும்மா நடந்துச்சா? குகன் நடத்துனது.

நீ ரெண்டு நாளு மரத்தூள் குமியக் கெளறின. ஞாபகம் இருக்கா? மூடி இங்கதான்டா எங்கயாவது கெடக்கும், கெடச்சா தெரிஞ்சிரும்னு, தலையெல்லாம் தூளு. நாங்க டீ குடிச்சுகிட்டே பார்த்தோம். கோழி சீய்க்குதுன்னு லோகன் சொன்னான். நானும் சிரிச்சேன்.

பேச்ச மாத்தாத. அன்னைக்கு எதுக்கு மூடி கழட்டற வேலை வந்துச்சுன்னு நீ யோசிச்சதே இல்லையா? அதுக்கு மொத நாளு ஆயுத பூஜை. நீ வேதக்காரன், ஓரமா நின்ன. தேங்கா வாங்கக் காசு குடுத்தது மட்டும் நீ, அத இல்லங்கல. மெஷின் எல்லாத்தையும் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சோம். நீயே சொல்லு, மூடி மேல பொட்டு வெச்சா ஆயுதத்துக்கு வெச்சதா ஆகுமா? கத்திக்கு வெக்காம உறைக்கு வெச்ச கதையால்ல இருக்கும்? பிளேடுக்குத்தான் வெக்கணும். மாலையும் அதுக்குத்தான். மறுநாள் காலையில எலுமிச்சம்பழம் வெட்டி மெஷினத் தொடங்குற வரைக்கும் மாலையத் தொடக்கூடாது. மாலை இருக்கிறப்ப மூடி எப்படி மாட்டறது? காலையில மாட்டிக்கலாம்னுதான் எல்லா மூடியும் கீழ இருந்துச்சு.

அட, இதெல்லாம் உனக்கெங்க புரியப் போவுது. அந்தப் பெருசோட மூடியக் காட்டு. ஒரு கிளிப்புதானா? அழுத்துனா வந்துருது. மாட்டறதுக்கு? ஓ, அதுக்கு ரெண்டு கையும் வேணுமா. அப்படித்தான் இருக்கும். கழட்டறது எப்பவும் லேசு.

போன வாட்டி வந்தப்ப அந்த மலாய்க்காரர்கிட்ட நீ அரை மணி நேரம் பேசினியே, நான் இங்க திருகாணி பார்க்கிற மாதிரி நின்னு கேட்டேன். பாஸ், எதக் கழட்டினாலும் இதக் கழட்டாதீங்க, சின்ன வேலைதானன்னு கழட்டாதீங்க, எனக்காகக் கழட்டாதீங்கன்னு. அவருக்குப் பாதி புரியல, சிரிச்சார். உனக்காகவா? நீ யாரு அவருக்கு? ஏன் அப்படிக் கெஞ்சின? அன்னைக்கு வாங்காமயே வெளிய போயிட்டேன். காடி ஸ்டார்ட் பண்ணக் கை வரல. வெயிலு. வெயில்தான்.

நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. கூட்டத்துக்காகப் பேசுறவன் ஒரு ஆளுக்காக நின்னு யோசிக்க முடியாது. நீ கம்பெனி ஆளு. நீ போனா இன்னொரு கம்பெனி உன்னக் கூப்பிட்டுக்கும்னு நெனச்சேன். கூப்பிடல போல.

நோட்டீஸா? ஆமா, நான்தான் எழுதினேன். மண்டோர் அம்புரோஸ், உன் கையில யார் ரத்தம்னு. ஸ்டென்சில் வெட்டி, ரெண்டு பக்கம். நல்லாத்தான் எழுதியிருந்தேன். ஞாயித்துக்கிழமை உங்க மாதா கோயில் வாசல்ல நின்னு பூசை முடிஞ்சு வர்றவங்களுக்குக் குடுத்தோம். உன் வீட்டுக்காரம்மா லூசியும் ஒண்ணு வாங்குச்சு. யாருன்னு தெரியாமத்தான் குடுத்தேன். கிழிச்சு எறியும்னு நெனச்சேன். படிச்சுட்டு, நாலா மடிச்சு, ஜெப புஸ்தகத்துக்குள்ள வெச்சுகிச்சு. எங்கள ஒரு வார்த்த திட்டல.

எப்படி இருக்காங்க?

ஓ.

எப்ப?

கோவிட்லயா. எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன், அது வேற விசயம்.

என்ன கேட்டுச்சு? லூசியே கேட்டுச்சா? உண்மையச் சொல்லுங்க, நீங்க கழட்டினீங்களான்னு. ஆஸ்பத்திரியிலயா. நீ இல்லன்னு சொன்ன. ம். தலைய மட்டும் ஆட்டுச்சா. நம்புச்சா நம்பலையான்னு தெரியாது.

அந்த நோட்டீஸ் இன்னும் புஸ்தகத்துக்குள்ளயேதான் இருக்கா?

சரி. சரி லா. தௌக்கே பார்க்கறாரு, மூஞ்சியத் தொடச்சுக்க.

இந்தப் பெருசையே குடு. மூடியோட. பில்லு போடு. பேரு குகன். அட்ரஸ் எழுதிக்க, குடியிருப்புத் தாமான் பேரு நான் சொல்றேன். லோரியில நீயும் வா. பத்து மணிக்கு மேல வா, வெளிச்சத்துல வா. செட் பண்ணிக் குடுக்க வேணாமா? அந்தச் சட்டத்த நேரா நிறுத்த எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். இருந்தாலும் நீ வா.

மன்னிப்பு கின்னிப்புன்னு எதையாவது எதிர்பார்த்துகிட்டு வராத. நான் சாமான் வாங்க வந்தவன். மெஷினத் தொடங்குறதுக்கு முந்தி ஒவ்வொண்ணா சுத்திப் பார்க்கறது மண்டோர் வேலை, அத நீ அன்னைக்குச் செய்யல, அதையும் நான் சொல்லத்தான் செய்வேன்.

மத்த எட்டு மெஷினுக்கும் ஆளுங்க வந்ததுமே மாட்டிகிட்டானுங்க. ஏழோட மூடியப் பூஜைக்குக் கழட்டினது நான், திருப்பி மாட்டுறதும் என் பொறுப்பு. நான் காலையில கேண்டீன் ஃபேன் விசயமா பிரிக்பீல்ட்ஸ்ல யூனியன் ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன். மறந்துட்டேன். போன் வந்து ஓடி வந்தா, மாலை கீழ கெடக்குது, மெஷினச் சுத்தி ரத்தம், எல்லாரும் நாகையாவத் தூக்கிகிட்டு ஓடிட்டானுங்க, யாருமே இல்ல. மூடி என் டூல்பாக்ஸுக்குப் பக்கத்துல, நான் வெச்ச எடத்துலயே இருந்துச்சு. சட்டையில சுத்தி மோட்டார் சைக்கிள் பாஸ்கெட்டுல போட்டேன்.

அந்த மூடி இப்ப என் வீட்டு போர்ச்சுல, மெஷின் வெக்கப் போற எடத்துக்கு மேல ஆணியில தொங்குது. உன் மெஷினுக்குப் பொருந்தாது, அது பழைய இரும்பு. வேணும்னா கழட்டி எடுத்துட்டுப் போ. வீரம்மாகிட்ட காட்டு, யார்கிட்ட வேணும்னாலும் காட்டு. பக்கவாட்டுல வெள்ளப் பெயிண்டுல ஏழுன்னு போட்டிருக்கும். உனக்கு அடையாளம் தெரியும். நீ எழுதின ஏழுதான்.

என்ன, பேனா நின்னுருச்சு? எழுது. வீட்டு நம்பர் பதினாலு.