கல் நட்ட இடத்துக்கு ஒரு ஸ்டார்

சுனாமி வீடுகளைக் கொண்டுபோய் ஓராண்டு ஆகப்போகிற டிசம்பர். செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மீனவப் பெண், கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரத்தைக் கசங்காமல் மடியில் பிடித்திருந்தாள். பக்கத்திலிருந்தவள் கேட்டாள்:

“வூடே இல்ல, ஸ்டார் எதுக்கு மேரியக்கா?”

“வூடு இல்லன்னுதான்டி.”

“ஷெட்டுல கட்டப்போறியா?”

“தகர ஷெட்டு என் வூடாடி? வூடு கட்டித் தரோம்னு கல்லு நட்டு போட்டோ புடிச்சினு போனானுங்களே, அந்தக் கல்லாண்ட கம்பு நட்டுக் கட்டப்போறேன். தாலுகா ஆபீசுல போய்க் கேட்டா, எந்த எடம்னு என்னையே கேக்கறானுங்க.”

“ஃபாதரு நம்பிக்கையா காத்துகினு இருங்கன்னாரே.”

“கிறிஸ்துமஸுக்கு முன்னாடி திருவருகைக்காலம் நாலே வாரம்டி. நாலு வாரம் காத்திருந்தா ஏசுவே வந்துடறாரு. இவனுங்க பத்து மாசமா வரல.”

“அதுக்கு ஸ்டாரு இன்னா பண்ணும்?”

அவள் நட்சத்திரத்தின் மடங்கிய முனையை விரலால் நிமிர்த்தினாள்.

“ஏசு பொறந்த ஊரு தெரியாத ராஜாங்களே ஸ்டாரப் பாத்து வந்து சேந்தாங்க. இனிமே எடம் தெரியலன்னு ஒருத்தன் சொல்லட்டும், பாக்கறேன்.”