கிருத்திகை இல்லாத நாள்

1991 மழைக்காலம். வல்லக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு கணவன், மனைவி, மடியில் சின்ன மகள். அம்பத்தூர்க்காரர்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“முருகனுக்குப் பாதம் கீதுன்னு இன்னிக்குத்தாங்க பாத்தேன்,” என்றாள் மனைவி.

“கிருத்திகைல வந்தா முன்னாடி நிக்கிறவன் மண்டதான தெரியும்? செல அம்மாம் ஒசரம்! அண்ணாந்து பாத்துக்கினே நின்னுட்டேன்.”

“நகரு நகருன்னு யாருமே வெரட்டல. குருக்களே தூண்ல சாஞ்சிக்கினு இருந்தாரு.”

“சரி, கம்பெனில என்னைப் பர்மனன்ட் பண்ணணும்னு வேண்டிக்கினியா? திங்கக்கெழம சொல்லிருவாங்க.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“அடிப்பாவி! நீ கேட்டுக்குவன்னுதான் நான் சும்மா நின்னேன்.”

மனு வாங்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனு கொடுக்க வந்து, அதிகாரியைப் பார்த்த பிரமிப்பில் கொடுக்காமலே திரும்பியவர் எவரையும் கண்டதில்லை.

கணவன் எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னான். “எறங்கு. போய்க் கேட்டுட்டு வந்துருவோம்.”

“வரேன்,” என்றாள் அவள், மகளைத் தூக்கிக்கொண்டு. “ஆனா அவரு எதிர்ல போய் நின்னா, இப்பவும் கேக்க வாய் வருமான்னு தெரியலங்க.”