இனிஷியல் இல்லாத பேரு

வேணாண்ணே, பாண்டீஸ்வரி வீட்டுக்கு இன்னைக்குப் போகாதீக. இங்குட்டு உக்காருங்க. நான் முத்தரசு, அவகூட ஆறு வருசம் ஒரே ஆபீஸ்ல சாஃப்ட்வேர் எழுதுனவன்.

அசட்டையானவ இல்லண்ணே அவ. கம்ப்யூட்டர் மொழியில பேரு, ஊரு எல்லாமே ஸ்ட்ரிங்தான், எழுத்தக் கோத்த சரம் மாதிரி. அதுக்குச் சில வேலை மட்டும் பிறவியிலேயே தெரியும். வெட்டும், ஒட்டும், எண்ணும். தெரியாத வேலைய நம்மளே சேத்துவிடலாம். ஒருக்கா சேத்துட்டா, அந்த சாஃப்ட்வேர்ல எந்த மூலையில இருக்க பேருக்கும் அது தெரிஞ்சிரும். அவ சேத்தது, இனிஷியல உதுத்துட்டு வெறும் பேரைக் குடுக்குற வேலை. நாங்க சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரில பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாகள்ல, அதுக்கு.

ஆமாண்ணே, அதான் நோயாளி ஃபைல் தேடுற பக்கத்துக்கும் வந்துருச்சு. நாச்சியாபுரம் நா. வீரலட்சுமின்னு உங்க வீட்டுக்காரம்மா பேரை அடிச்சா, நேமத்தான்பட்டி பூ. வீரலட்சுமி ஃபைலு வந்து நின்னுருக்கு. அந்த ஊசி ஆகாதுன்னு எழுதியிருந்தது உங்க வீட்டுக்காரம்மா ஃபைல்லதானே? நர்ஸம்மா திரையில ஒண்ணும் இல்லன்னு ஊசியப் போட்டுட்டாக. அதோட அவுக போயிட்டாக.

தப்பு எங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சதும் பாண்டீஸ்வரிதாண்ணே. யாரும் கேக்கல. இதை நான் இங்க போடலையேன்னு புலம்புனா. யாரு எதை மாத்துனாகங்குற பதிவுல பாத்தா அவ பேரு. அப்ப நாந்தான் மறந்துட்டேன் போலன்னு உக்காந்துட்டா. முதலாளிகிட்ட அவளே போயிச் சொன்னா. அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிச்சுட்டாக. இப்ப வீட்டை விட்டு வெளிய வாரதில்ல. அவ ஆத்தா சோலையம்மா ஊட்டுனாத்தான் ரெண்டு வாய். யாரு பேரைச் சொன்னாலும் இனிஷியல் என்ன, இனிஷியல் என்னங்குறா.

இல்லண்ணே, மன்னிக்கச் சொல்லல. எப்படிச் சொல்லுவேன்?

பதிவா? அது அவ பேருல இருக்கு, சரிதான். பேரைத் தேடுனா கிடைக்க மாட்டேங்குது, இனிஷியல முன்ன போட்டு ஒருத்தர், பின்ன போட்டு ஒருத்தர் அடிக்கிறாகன்னு அதுக்கு முன்னாடி ஒருநாள் ஆஸ்பத்திரில ஒரே புகாரு. உடனே சரிபண்ணணும்னு முதலாளி தலைமேல நின்னாரு. அவ சாப்பிடப் போயிருந்தா. அவ கம்ப்யூட்டர் திறந்தபடியே கிடந்துச்சு. தேடுற பக்கத்துல ஒரு புள்ளி வச்சு, அவ சேத்த வேலையோட பேர ஒரு வார்த்தை எழுதுனா முடிஞ்சது. அட்டைக்கு மட்டும், வேற எதுக்கும் எடுக்காதீகன்னு மேலயே எழுதிவச்சிருந்தா. படிச்சேண்ணே. படிச்சிட்டுத்தான் போட்டேன்.

போன வாரம் சொல்லிறணும்னுதான் அவ வீட்டுக்குப் போனேன். நீயாச்சும் வந்தியேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. காப்பியக் குடிச்சிட்டு வந்துட்டேன்.