செவப்பு கிமோனோ

கதவத் தட்டாத, கியோஹாரு. வெள்ளை கிமோனோவக் கழட்டிட்டு செவப்பு மாத்தறதுன்னா சும்மாவா? பொண்ணு உடுத்தற எடத்துல மாப்பிள்ளை வந்து நிக்கறது நல்லாவா இருக்கு? இப்படி உக்காரு. கொஞ்ச நேரம் உங்கம்மாகிட்டப் பேசு.

தெரியுதுப்பா, எல்லாரும் காத்துக்கிட்டுதான் இருக்காங்க. இருக்கட்டுமே. உன் பெரியப்பா பாட எழுந்துட்டாரா? அப்ப கவலையே இல்ல. சாக்கே சாராயம் உள்ள போயிட்டா அவர உக்கார வைக்க நாலு பேர் வேணும். உன் மேனேஜருக்கு மீன் வச்சாங்களா? தலையோட, முழுசா? ம். அவருக்குத்தான் உன்னப் பத்தி எவ்வளவு பெருமை. மைக்கப் பிடிச்சு, இந்தப் பையன் ஆபீஸ்ல ஒரு தடவகூடக் குரல ஒசத்தினதில்லன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. நான் உன் பக்கத்துல உக்காந்திருந்த சிகுசாவப் பாத்தேன். அவ தட்டையே பாத்துக்கிட்டிருந்தா.

அந்த விசிறியத் தொடைல தட்டாதடா. எரிச்சலா இருக்கு.

அவளுக்கு அம்மா இல்லன்னுதான நான் கையப் பிடிச்சு, துணி மாத்தக் கூட்டிட்டு வந்தேன். மாமியாரும் மருமகளும் எவ்வளவு ஒத்துமைன்னு கைதட்டினாங்க. உன் அத்தை அழுதுட்டா. நடைல திரும்பினதும் என்ன சொன்னா தெரியுமா? ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா அவருக்குக் கோவம் வரும், சீக்கிரம் மாத்திடலாமா அத்தேன்னா. கல்யாணப் பொண்ணு பேசற பேச்சாடா அது?

உள்ள வந்து இடுப்புப் பட்டைய அவுத்தாங்க. காலைலேர்ந்து மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினது. அவுத்தா யாருக்குமே அப்பாடான்னு இருக்கும். இவ பல்லக் கடிச்சா. உள்துணி விலகுச்சு, பாத்தேன். விலா முழுக்க. ஒரு எடத்துல மஞ்சள், ஒரு எடத்துல ஊதா. பழசும் புதுசுமா. உடுத்திவிட வந்த அம்மா சட்டுனு அந்தப் பக்கம் திரும்பி ஹேர்பின்ன எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஸ்டேஷன் படில விழுந்தாளா? அப்படியா. எங்கிட்ட அவ, வீட்டு மாடிப்படின்னுல்ல சொன்னா? பதிவுக் கல்யாணம் முடிஞ்சதுலேர்ந்து நீங்க குடியிருக்கறது தரைத்தளம். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கக் கூடாதா?

கத்தாத. பரிமாறற பொண்ணு வரா. சிரி.

இதோ வந்துடுவோம்மா. பட்டை கட்டறது கொஞ்சம் தாமதமாகுது. எல்லாருக்கும் இன்னொரு சுத்து ஊத்துங்க. ஆமா, நல்லா ஊத்துங்க.

போயிட்டா. ஒனக்கு எவ்வளவு அழகா சிரிக்க வருது பாரு. நானும் அதப் பாத்துதான் நம்பிக்கிட்டிருந்தேன், அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் நீ கை நீட்ட மாட்டன்னு.

கைய விடு. வலிக்குது கியோஹாரு. விடுன்னேன்ல.

சரி, தொற. பூட்டல.

பாத்துட்டியா? அந்த அம்மாவ மொறைக்காத, அவங்க செவப்பு கிமோனோவ மடிச்சு வைக்கறாங்க, அவ்வளவுதான். சிகுசா சமையக்கட்டு வழியா போயிட்டா. என் ரெயின்கோட்டு, என் செருப்பு. கழுத்துல வெள்ளைப் பவுடர்கூட அப்படியே இருந்துச்சு. மழைல கரைஞ்சிருக்கும். அவ அப்பா பாத்ரூம் போறேன்னு எழுந்து போனாரே, நீ கவனிக்கல. பின்வாசல்ல டாக்ஸிய நிறுத்தி வச்சுக்கிட்டு நின்னாரு. அந்த மனுஷன் எனக்குக் கும்பிடு போட்டாரு. என்னால நிமிந்து பாக்க முடியல.

நீ விருந்து மண்டபத்துக்குப் போகவேணாம். சபைல நான் சொல்லிக்கறேன். உன் மேனேஜர் இருக்கறப்பவே சொல்றேன்.

எங்க போனாங்கன்னு எங்கிட்டக் கேக்காத. எனக்குத் தெரியாது. அவ சொல்லத்தான் வந்தா, நான் வேணாம்னு அவ வாயப் பொத்திட்டேன். தெரிஞ்சிருந்தா, நீ கேக்கற விதத்துக்கு நான் சொல்லிடுவேன்டா.